நேட்டோவுக்கு 5 சதவீதம் என்று ஒப்புக்கொண்டது யாரைக் கேட்டு?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம். சில மாதமாக மனதில் கிடக்கும் விஷயம். நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

2025 ஜூனில் நெதர்லாந்தின் ஹேக் நகரில், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருக்கும் ராணுவக் கூட்டணியான நேட்டோவின் தலைவர்கள் கூடினார்கள். 2035க்குள் ஒவ்வொரு நாடும் ஜிடிபியில் 5 சதவீதம் பாதுகாப்புக்குச் செலவழிக்கும் என்று அறிக்கை வந்தது. அதில் 3.5 படை, ஆயுதம், பயிற்சிக்கு. மிச்சம் 1.5 வரை பாலம், ரயில் பாதை, துறைமுகம், சைபர் பாதுகாப்பு, ஆயுதத் தொழில் என்று போகும். இதற்கு முன்னால் இருந்த இலக்கு 2 சதவீதம். 2014ல் வேல்ஸ் மாநாட்டில் அதை எழுதியபோது அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவை அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ் மூன்றுதான். 2 சதவீதத்துக்கே பத்து வருஷம் மூச்சு வாங்கிய நாடுகள், ஒரே மாநாட்டில் 5க்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கின்றன.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராணுவமே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு புகுந்ததற்கு அப்புறம் ஐரோப்பாவில் அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. நான் கேட்பது வேறு. மாநாட்டில் வாக்குக் கொடுப்பவர் பிரதமர். அந்தப் பணத்தை வருஷா வருஷம் ஓட்டெடுத்து ஒதுக்க வேண்டியது நாடாளுமன்றம். கட்டப் போவது ஜனங்கள். இந்த மூன்றும் எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

எனக்கு இது சொந்த விஷயமும்கூட. பதினொரு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டுக் குடியுரிமை வாங்கி, 2025 பிப்ரவரி 23 அன்று முதல்முறையாக இங்கே ஓட்டுப் போட்டேன். இந்த நாட்டில் 'கடன் பிரேக்' என்று ஒன்று 2009ல் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. மத்திய அரசின் அடிப்படைப் பற்றாக்குறை ஜிடிபியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தேர்தலுக்கு முந்தைய கூட்டணி அரசு 2024 நவம்பரில் உடைந்ததே இந்தச் சண்டையில்தான். அப்போதைய பிரதமர் ஷோல்ஸ் தன் நிதியமைச்சர் லிண்ட்னரை வெளியேற்றினார். அடுத்துப் பிரதமரான மெர்ட்ஸின் கட்சி தேர்தலில் கடன் பிரேக்கைக் காப்போம் என்றது. நான் அவருக்குப் போடவில்லை, ஆனால் அவருக்குப் போட்ட என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஒரு காரணத்துக்காகத்தான் போட்டார்.

தேர்தல் முடிந்து மூன்றே வாரம். புதிய நாடாளுமன்றம் மார்ச் 25 அன்று கூட வேண்டும். அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். புதிய சபையில் தீவிர வலதுசாரி ஏஎஃப்டியும் இடதுசாரிக் கட்சியும் சேர்ந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஆகவே அவர்களில் ஒருவர் சம்மதம் இல்லாமல் அரசியல் சட்டத்தைத் திருத்த முடியாது. அதனால் தோற்றவர்களும் ஓய்வு பெறுகிறவர்களும் உட்கார்ந்திருந்த பழைய சபையை மார்ச் 18 அன்று கூட்டினார்கள். 489 ஓட்டு வேண்டும், 512 கிடைத்தது. ஜிடிபியில் 1 சதவீதத்துக்கு மேல் போகும் பாதுகாப்புச் செலவு இனிமேல் கடன் பிரேக் கணக்கில் வராது. அதோடு சாலை, ரயில், பள்ளி போன்றவற்றுக்கு 500 பில்லியன் யூரோ தனி நிதி. பசுமைக் கட்சியின் ஆதரவுக்காக அதில் 100 பில்லியன் பருவநிலை நிதிக்கு.

எதிர்த்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், நீதிமன்றம் தடுக்கவில்லை. சட்டப்படி சரிதான். செலவு தேவை என்றுகூட நான் நினைக்கிறேன். ஆனால் முதல் ஓட்டுப் போட்டுவிட்டு, அந்த ஓட்டு எண்ணப்பட்ட பிறகு, அந்த ஓட்டால் வந்த சபையைத் தவிர்த்துவிட்டு, நாட்டின் மிகப் பெரிய நிதி முடிவை எடுத்தபோது எனக்கு வலித்தது. உங்கள் நாடுகளில் எப்படி நடக்கிறது, சொல்லுங்கள்.

---

கணக்கர் எழுதியது:

நல்ல இழை. முப்பது வருஷம் தணிக்கை வேலை பார்த்தவன் என்ற முறையில், விவாதம் சூடாவதற்கு முன் கணக்கை மட்டும் தெளிவாக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ரொம்பப் பேர் "நேட்டோவுக்குக் கட்டுகிற சந்தா" என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

5 சதவீதம் என்பது பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பும் பணம் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குச் செலவழிக்கும் பணம். நேட்டோ என்ற அமைப்புக்கென்று பொது பட்ஜெட் ஒன்று இருக்கிறது, 2025ல் அது 5 பில்லியன் யூரோவுக்கும் குறைவு. தலைமையகம், கட்டளை மையங்கள், சில பொதுக் கட்டுமானங்கள் அதில் ஓடுகின்றன. அதில் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஆளுக்கு ஏறக்குறைய 16 சதவீதம். முன்பு அமெரிக்கா 22 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது, பேசிக் குறைத்துக்கொண்டார்கள். நிஜமான 'பகிர்வு' என்றால் அதுதான், அது மொத்தத்தில் தூசு.

அடுத்தது, எதைச் சேர்க்கிறார்கள் என்பது. முன்னாள் ராணுவத்தினரின் ஓய்வூதியமும் நேட்டோ வரையறையில் பாதுகாப்புச் செலவுதான். ஓய்வூதியம் அதிகம் கொடுக்கும் நாட்டுக்குச் சதவீதம் கூடும், அதனால் ஒரு தோட்டாகூடக் கூடாது. கிரீஸ் பல வருஷமாக 2க்கு மேலே நிற்பது துருக்கியை நினைத்து. துருக்கியும் நேட்டோ உறுப்பினர்! ஆக அந்தச் செலவு கூட்டணிக்கு எவ்வளவு உதவும் என்று நீங்களே யோசியுங்கள். லக்சம்பர்க்கில் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்களால் ஜிடிபி வீங்கித் தெரியும் என்பதால், அவர்களுக்கு ஜிடிபி இல்லாமல் மொத்த தேசிய வருமானத்தை அளவாக வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். ஐஸ்லாந்து 1949ல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. அதற்கு நிலையான ராணுவமே கிடையாது.

எண்ணை வைத்துச் சண்டை போடுவதும் புதிது இல்லை. 1952ல் லிஸ்பனில் 96 டிவிஷன் படை என்று இலக்கு வைத்தார்கள், ஒருபோதும் அடையவில்லை. 1970களின் கடைசியில் விலைவாசி ஏற்றம் போக வருஷத்துக்கு 3 சதவீதம் செலவைக் கூட்ட வேண்டும் என்றார்கள், பாதிப்பேர் விட்டுவிட்டார்கள். 1971லேயே செனட்டர் மைக் மேன்ஸ்ஃபீல்ட் ஐரோப்பாவில் இருக்கும் அமெரிக்கத் துருப்புகளைப் பாதியாகக் குறைக்கத் தீர்மானம் கொண்டுவந்தார், தோற்றது. ஆகவே "டிரம்ப் வந்ததால்தான் இந்தப் பேச்சு" என்பது பாதி உண்மை.

---

பால்டிக் காற்று எழுதியது:

நான் எஸ்டோனியாவின் தலைநகர் தாலினில் படிக்க வந்து இங்கேயே வேலை பார்க்கிறேன். வைகைக்கரை அண்ணா எழுதியதைப் படித்ததும் ஒரு பக்கம் சரி என்று தோன்றியது, இன்னொரு பக்கம் கோபம் வந்தது. இரண்டையும் எழுதுகிறேன்.

எஸ்டோனியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 13.7 லட்சம்தான். கிழக்கே முழுக்க ரஷ்ய எல்லை. நார்வா ஊரில் ஆற்றின் இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ரஷ்யாவின் கோட்டை, நடுவில் ஒரு பாலம். அங்கே நின்று பார்த்தால் 'சதவீதம்' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வருகிறது.

இந்த நாடு மறைத்துச் செய்யவில்லை. வாட் வரி 20 ஆக இருந்தது, 2024 ஜனவரியில் 22 ஆனது, 2025 ஜூலையில் 24 ஆனது. 'பாதுகாப்பு வரி' என்றே பெயர் வைத்துத்தான் பேசினார்கள். ரொட்டி வாங்கும் ரசீதில் அந்த 24 அச்சாகி வருகிறது, ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன், விலைவாசி ஏற்கெனவே ஏறிய நேரம், என் வீட்டுக்காரப் பாட்டிக்கு அது பெரிய அடி. நிறுவன லாபத்தின் மேலும் வரி போடுவதாகச் சொன்னதைப் பிறகு கைவிட்டார்கள், அதில் எனக்கும் வருத்தம்தான், ஏனென்றால் கடைசியில் வாட் வரிதான் நின்றது, அது ஏழையையும் பணக்காரனையும் ஒரே தட்டில் வைக்கும் வரி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பீரங்கிக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர வருஷங்கள் ஆகும். அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க இன்னும் காலம். ஒவ்வொரு தேர்தலுக்கும் "மறுபடி கேட்போம்" என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் வெறுமனே அடுத்த தேர்தல் வரை காத்திருப்பார். எங்களுக்கு வாக்குறுதி என்பது பேச்சு இல்லை. பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் சொந்தமாகப் போர் விமானமே கிடையாது. 2004ல் சேர்ந்ததிலிருந்து மற்ற நாடுகள் முறைவைத்து விமானங்களை அனுப்பி எங்கள் வானத்தைக் காக்கின்றன. போர்ச்சுகலும் பெல்ஜியமும் ஸ்பெயினும் வந்திருக்கின்றன. அங்கே இருக்கும் ஜனங்கள் "எங்களைக் கேட்டுத்தான் அனுப்பினீர்களா" என்று கேட்டிருந்தால்?

---

ஹெர்னிங்வாசி எழுதியது:

டென்மார்க்கில் இருந்து எழுதுகிறேன். இங்கே எங்களிடம் ஒரு விடுமுறை நாளையே எடுத்துக்கொண்டார்கள், தெரியாதவர்களுக்காக முழுக் கதையையும் சொல்கிறேன்.

'ஸ்டோர பெடடாவ்', பெரிய பிரார்த்தனை நாள். ஈஸ்டருக்குப் பிறகு நான்காவது வெள்ளிக்கிழமை. 1686 முதல் இருந்த நாள். கோவிலுக்குப் போகிறவர்கள் இப்போது குறைவு, ஆனால் அதற்கு முந்தின மாலை எல்லா வீட்டிலும் ஏலக்காய் போட்ட கோதுமை பன்னைச் சூடாக்கி வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். ஏலக்காய் வாசத்துக்காகவே எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாள் பிடிக்கும். 2022 நவம்பரில் தேர்தல் நடந்தது. இந்த நாளை ஒழிப்போம் என்று எந்தக் கட்சியும் பிரசாரத்தில் சொல்லவில்லை. டிசம்பரில் மூன்று கட்சிகள் சேர்ந்து அரசு அமைத்தபோது கூட்டணி ஒப்பந்தத்தில் திடீரென்று இருந்தது: ஜனங்கள் ஒரு நாள் கூடுதலாக வேலை செய்தால் வரி வருமானம் கூடும், அதைப் பாதுகாப்புக்கு வைப்போம் என்று.

தொழிற்சங்கங்கள் கையெழுத்து வாங்கின, ஐந்து லட்சத்தை நெருங்கியது. 59 லட்சம் பேர் உள்ள நாட்டில்! 2023 பிப்ரவரி 5 அன்று கோபன்ஹேகன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் பல்லாயிரம் பேர் கூடினார்கள், நானும் மூன்று மணி நேரம் பயணம் செய்து போய் நின்றேன், குளிர் எலும்பில் இறங்கியது. பிப்ரவரி 28 அன்று 95க்கு 68 என்று சட்டம் நிறைவேறியது. 2024 முதல் அது வேலை நாள். சம்பளத்தில் 0.45 சதவீதம் கூட்டிக் கொடுத்தார்கள்.

இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டியது: டேனிஷ் ஜனங்கள் ராணுவத்துக்கு எதிரி இல்லை. ஆப்கானிஸ்தானில் இந்தச் சின்ன நாடு 40க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அதற்கு முந்தைய வருஷம், 2022 ஜூன் 1 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையில் சேரலாமா என்று பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். ஏறக்குறைய 67 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். முப்பது வருஷமாக விலகி நின்றதை மூன்று மாத விவாதத்தில் மாற்றிக்கொண்டோம். அதே ஜனங்கள்தான் எட்டு மாதம் கழித்துத் தெருவில் நின்றார்கள். முதலாவதில் கேட்டார்கள், இரண்டாவதில் சொன்னார்கள், எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை.

---

மேகமலை எழுதியது:

ஹெர்னிங்வாசி, அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டால் மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். இரண்டு உதாரணம்.

ஸ்லோவேனியா. 2025 ஜூலையில், ஹேக் மாநாடு முடிந்த கையோடு, ஆளும் கூட்டணியிலேயே இருந்த சிறிய இடதுசாரிக் கட்சி, பாதுகாப்புச் செலவை உயர்த்துவது பற்றி ஜனங்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தது, நிறைவேறியும் விட்டது. உடனே பிரதமர் கோலோப், அப்படியானால் நேட்டோவில் இருக்கலாமா வேண்டாமா என்றே வாக்கெடுப்பு வைப்போம் என்றார். அதாவது, செலவு செய்ய மனமில்லை என்றால் வெளியே போகலாம், நடுவில் நிற்க முடியாது என்ற வாதம். சில நாட்களில் நாடாளுமன்றம் தான் போட்ட தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை. இத்தனைக்கும் அந்த நாடு 2003ல் ஜனங்களிடம் கேட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு நேட்டோவில் சேர்ந்த நாடு.

சுவிட்சர்லாந்து நேட்டோவில் இல்லை, ஆனால் ஜனங்களைக் கேட்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. 2014ல் க்ரிபென் போர் விமானம் வாங்கலாமா என்று கேட்டார்கள், 53 சதவீதம் வேண்டாம் என்றார்கள், வாங்கவில்லை. 2020ல் 6 பில்லியன் ஃபிராங்க் வரை போர் விமானத்துக்கு ஒதுக்கலாமா என்று கேட்டார்கள், 50.1 சதவீதம் ஆம். அப்புறம் அமெரிக்காவின் எஃப்-35 விமானம் என்று முடிவு செய்து, விலை நிர்ணயமானது, ஏறாது என்று அரசு உறுதி சொன்னது. 2025ல் அமெரிக்கா அப்படி இல்லை, விலை ஏறும் என்றது. ஜனங்கள் ஓட்டுப் போட்டது ஒரு தொகைக்கு, வந்தது வேறு பில். நேரடியாகக் கேட்டும் இதுதான் நிலை.

---

லூசியம் வாசி எழுதியது:

லண்டனில் இருந்து ஒரு விஷயம் சேர்க்கிறேன், யாரும் தொடவில்லை. ஓட்டே இல்லாதவர்களிடம் இருந்து எடுத்துக் கட்டுவது.

2025 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் ஸ்டார்மர், 2027 ஏப்ரல் முதல் பாதுகாப்புக்கு 2.5 சதவீதம் என்று அறிவித்தார். வரி ஏற்றவில்லை, கடன் விதியைத் தொடவில்லை. வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 ஆகக் குறைத்தார். 2020 வரை அது 0.7. உதவித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் ராஜினாமா செய்தார். 2024 தேர்தல் அறிக்கையில் ஸ்டார்மரின் லேபர் கட்சி, நிதி நிலைமை இடம் கொடுக்கும்போது 0.7க்குத் திரும்புவோம் என்று எழுதியிருந்தது.

நான் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் திட்டங்களில் ஒன்று மலாவியில் பிரசவ மருத்துவத்துக்கானது. நிதி கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த வருஷத்துக்கு உறுதி இல்லை என்று மூன்று வரிக் கடிதம் அனுப்பினார்கள். அந்தப் பெண்களுக்கு லண்டனில் ஓட்டு இல்லை. ஜனங்களின் முடிவு என்று பேசும்போது யாருடைய பைக்குள் கையை விடுகிறோம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். எஸ்டோனியாவில் தன் ரொட்டி ரசீதில் கட்டுகிறார்கள், அது கஷ்டம், ஆனால் நேர்மை. இங்கே வேறொருவரின் மருத்துவமனைக் கட்டிலில் கை வைத்துவிட்டு யாருக்கும் வலிக்கவில்லை என்றார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

லூசியம் வாசி, இதை நான் யோசிக்கவே இல்லை. நன்றி.

பால்டிக் காற்று, உங்கள் கோபம் நியாயம். ஆனால் நான் ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாவற்றையும் மறுபடி கேட்கச் சொல்லவில்லை. போர்ச்சுகல் விமானத்தை அனுப்பியது ஒரு வேலை, அதற்கு ஒரு காலம், ஒரு செலவு. அதை அந்த நாட்டு நாடாளுமன்றம் பார்க்க முடியும், கேட்க முடியும். உங்கள் வானத்தைக் காப்பது என்ன என்று லிஸ்பனில் ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். 5 சதவீதம் எதற்கு என்று யாருக்கு விளக்க முடியும்? அதில் அந்த 1.5 இருக்கிறதே, அதுதான் என்னை ரொம்ப உறுத்துகிறது. சிசிலிக்கும் இத்தாலிக்கும் நடுவே கட்ட நினைக்கும் மெஸ்ஸினா பாலத்தையே அதில் சேர்க்கலாமா என்று ரோமில் பேச்சு ஓடியது, 13.5 பில்லியன் யூரோ திட்டம். இத்தாலியின் கடன் ஜிடிபியைப் போல 1.35 மடங்கு, அவர்கள் அப்படி யோசிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பாலம் கட்டினால் பால்டிக் எல்லைக்கு என்ன லாபம்? எண்ணைப் பெரிதாக்கினால் ஏமாற்றும் வழியும் பெரிதாகிறது, கடைசியில் ஏமாறுவது நார்வாவில் இருப்பவர்கள்தான்.

---

கணக்கர் எழுதியது:

வைகைக்கரை சொல்வதற்கு ஒரு பழைய நல்ல உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் கைலன்கிர்ஷன் தளத்தில் நேட்டோவுக்கென்றே வாங்கிய அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்கள். எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தம் இல்லை, பல நாட்டு ஆட்கள் ஒரே விமானத்தில் பறக்கிறார்கள், பதிவு மட்டும் லக்சம்பர்க்கில். செலவை முன்கூட்டியே பேசிப் பிரித்துக்கொண்டார்கள். எவ்வளவு, எதற்கு, யார் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எந்த நாடாளுமன்றத்திலும் வைக்கலாம். ஐரோப்பாவில் ஒவ்வொரு நாடும் தனித்தனி ரகத்தில் டாங்கும் கப்பலும் வாங்கிக்கொண்டு சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவது, கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துக்கொண்டு யார் வீட்டில் விறகு அதிகம் எரிந்தது என்று பார்ப்பது போல.

ஸ்பெயினைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். அந்த நாட்டுப் பிரதமர் சான்செஸ் மாநாட்டுக்கு முன் நேட்டோ பொதுச்செயலாளர் ருட்டேவுக்குக் கடிதம் எழுதி, 5 சதவீதம் நியாயம் இல்லை, எங்களுக்கு 2.1 போதும் என்றார். அறிக்கையில் "நாங்கள்" என்பதற்குப் பதில் "உறுப்பு நாடுகள்" என்று வார்த்தையை மாற்றி அவரையும் கையெழுத்திட வைத்தார்கள். ஸ்பெயின் இரண்டு மடங்கு கட்டும், வர்த்தகத்தில் வசூலிப்பேன் என்று டிரம்ப் சொன்னார்.

---

ஹெர்னிங்வாசி எழுதியது:

சான்செஸ் செய்ததை இங்கே பலர் துரோகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்காமல் விட்டார். தலையாட்டிவிட்டு 2035ல் கையை விரிக்கப் போகிறவர்களைவிட இது மேல்.

---

மேகமலை எழுதியது:

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வேண்டாம் என்று சொன்னதும் நாடாளுமன்றத்தைக் கேட்டு இல்லையே. ஸ்பெயின் 2023க்குப் பிறகு புதிய பட்ஜெட்டே நிறைவேற்றவில்லை, பழையதையே நீட்டித்துக்கொண்டு ஓடுகிறது, ஏனென்றால் சபையில் ஓட்டு இல்லை. 2025 ஏப்ரலில் 2 சதவீதத்தைத் தொட 10.5 பில்லியன் யூரோ அளவுக்குத் திட்டம் போட்டார்கள், அமைச்சரவையே முடிவெடுத்தது, நாடாளுமன்றத்தில் ஓட்டுக்கு விடவில்லை. கூட்டணியில் இருந்த 'சூமார்' என்ற இடதுசாரிக் கட்சி எதிர்த்தது. ஏற்றும்போதும் கேட்கவில்லை, மறுக்கும்போதும் கேட்கவில்லை. இதே ஸ்பெயின் 1986 மார்ச்சில் நேட்டோவில் நீடிக்கலாமா என்று ஜனங்களிடம் கேட்ட நாடு. அணு ஆயுதம் எங்கள் மண்ணில் கூடாது, அமெரிக்கப் படை குறைய வேண்டும், ராணுவக் கட்டமைப்பில் சேர மாட்டோம் என்று நிபந்தனைகளை வாக்குச்சீட்டுக் கேள்வியிலேயே எழுதி வைத்தார்கள். நேட்டோவை எதிர்த்துப் பேசி ஆட்சிக்கு வந்த பிரதமர் ஃபெலிப்பே கோன்சாலஸே ஆதரிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார். வென்றார். பிறகு அந்த ராணுவக் கட்டமைப்பு நிபந்தனையும் 1990களில் போய்விட்டது, அது வேறு கதை.

ஐரோப்பிய ஒன்றிய அளவிலும் இதே பழக்கம்தான். ஆயுதம் வாங்க 150 பில்லியன் யூரோ கடன் திட்டத்தை அவசரகாலப் பிரிவு ஒன்றைக் காட்டி, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே நிறைவேற்றினார்கள். நாடாளுமன்றம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் பாதுகாப்புக்காக நான்கு வருஷம் தளர்த்தியிருக்கிறார்கள். கிரேக்கத்தில் மருத்துவமனைக்கும் ஓய்வூதியத்துக்கும் பணம் இல்லாத காலத்தில் இரும்பு மாதிரி நின்ற விதி அது.

---

பால்டிக் காற்று எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். மேகமலை சொன்ன கடைசி வரி உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி, நேராகக் கேட்கிறேன். முன்கூட்டியே நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டும் என்கிறீர்கள், சரி. கேட்டு, அது மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? ஐந்து நாடுகள் மாட்டேன் என்றால்? உங்களுக்கு அது ஜனநாயகம். எங்களுக்கு அது எல்லை.

---

வைகைக்கரை எழுதியது:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அதை உங்களிடம் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவர் மேல் தாக்குதல் என்றால் எல்லோர் மேலும் தாக்குதல், ஆனால் ஒவ்வொரு நாடும் தான் தேவை என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்று. 1949ல் அமெரிக்க செனட், போர் அறிவிக்கும் உரிமையை விட்டுத்தர மாட்டோம் என்று பிடிவாதமாக நின்றதால் வந்த வார்த்தை அது. அதாவது உங்களைக் காக்கும் வாக்குறுதியே தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு நாட்டு ஜனங்களின் மனதை நம்பித்தான் நிற்கிறது. அந்த மனதைச் சம்பாதிக்காமல் எண்ணை மட்டும் சம்பாதித்தால், தேவைப்படும் நாளில் அந்த எண் உங்களுக்கு உதவாது என்பதுதான் என் பயம். இங்கே ஜெர்மனியில் கடன் பிரேக் மாற்றத்தை "எங்களை ஏமாற்றிவிட்டார்கள்" என்ற ஒரே வாக்கியமாக மாற்றி ஓட்டு அறுவடை செய்கிறவர்கள், உங்கள் எல்லைக்கு ஒரு சிப்பாயையும் அனுப்ப விரும்பாதவர்கள். அந்த வாக்கியத்தை அவர்கள் கையில் கொடுத்தது யார்?

அதே நேரம் நீங்கள் கேட்ட நீண்டகால உறுதிக்கும் வழி இல்லாமல் இல்லை. ஹெர்னிங்வாசி நாட்டிலேயே இருக்கிறது. விடுமுறை விஷயத்தில் தவறு செய்த அதே டென்மார்க், 2024 முதல் 2033 வரைக்கான பாதுகாப்பு உடன்பாட்டை ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பெரும்பாலான கட்சிகளும் உட்கார்ந்து பேசித்தான் போட்டது. ஆட்சி மாறினாலும் கையெழுத்திட்ட கட்சிகளுக்கு அது பொறுப்பு. ஸ்வீடனும் 2025ல் 300 பில்லியன் குரோனா கடன் வாங்க எதிர்க்கட்சிகளையும் சேர்த்துக்கொண்டுதான் முடிவெடுத்தது. நேரம் எடுக்கும், விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் அடுத்த தேர்தலில் அது அந்தரத்தில் தொங்காது. உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காத்திருந்தும் பயன் இருக்காது.

ஹேக் அறிக்கையில் 2029ல் மறுபரிசீலனை என்று இருக்கிறது. அதற்குள் பெரும்பாலான நாடுகளில் ஒரு தேர்தல் வந்துவிடும். கட்சிகள் அப்போதாவது சொல்லட்டும்: 3.5க்குப் போக இத்தனை பில்லியன், அதில் இவ்வளவு வரி, இவ்வளவு கடன், இவ்வளவு எதை வெட்டுவது என்று.

---

பால்டிக் காற்று எழுதியது:

முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 2029 எனக்கு ரொம்பத் தூரமாகத் தெரிகிறது. ஆனால் டென்மார்க் மாதிரி ஒன்றை எல்லா நாடும் செய்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், சத்தியமாக.

---

ஹெர்னிங்வாசி எழுதியது:

அந்த உடன்பாட்டை நான் மறந்தே போனேன், அண்ணா. கோபத்தில் விடுமுறை மட்டும்தான் நினைவில் நின்றது. எங்கள் தொழிற்சாலையில் அந்த வெள்ளிக்கிழமை இப்போது எல்லோரும் வேலைக்கு வருகிறோம். முந்தின மாலை பன் சுடுவதை மட்டும் யாரும் விடவில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

கடைசியாக ஒரு தகவல். என் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அரசின் சொந்த நிதித் திட்டத்திலேயே 2025ல் 62 பில்லியனாக இருக்கும் பாதுகாப்பு பட்ஜெட் 2029ல் 150 பில்லியனைத் தாண்டுகிறது. அந்த நான்கு வருஷத்தில் கடன் வட்டியும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்த வட்டியை எந்தத் துறையில் இருந்து எடுக்கப் போகிறீர்கள், என் ஊரின் நீச்சல் குளமும் நூலகமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா, இதை அடுத்த தேர்தலுக்கு முன் எழுத்தில் சொல்வீர்களா என்று மூன்று கேள்வி. லூசியம் வாசி சொன்னதைப் படித்த பிறகு நான்காவதாக வெளிநாட்டு உதவியையும் சேர்த்தேன். பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.